குளிர்காலமே இல்லாத ஊரில் நாற்றப் பூச்சி ஏன் வீட்டுக்குள் வருகிறது?

போன மாதம் ஒரு நாள் இரவு எட்டு மணி இருக்கும். எங்கள் வீட்டுச் சமையலறையில் டர்ர்ர் என்று ஒரு சத்தம். கட்டைவிரல் நகம் அளவில் பச்சையாக ஒரு பூச்சி டியூப்லைட்டைச் சுற்றிவிட்டு, அடுப்புக்கு மேலே சுவரில் வந்து உட்கார்ந்தது. அம்மா செய்தித்தாளைச் சுருட்டி ஒரே அடி. அடுத்த நொடி அந்த வாடை கிளம்பியது. பச்சை வாடை, எண்ணெய்ப் பிசுக்கோடு தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் வாடை.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. அம்மா அன்றிரவே சமையலறையை இரண்டு முறை துடைத்தார். அரிசி டின்னைக் கொட்டிப் பார்த்தார். மளிகை டப்பாக்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு அலமாரியைக் கழுவினார். "வீட்ட ஒழுங்கா வச்சிருந்தா இதெல்லாம் வருமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தார். 68 வயதில், முழங்கால் வலியோடு, இரவு பத்தரை மணிக்கு.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னதும் அத்தை மகள் உடனே பதில் போட்டாள்: "அதுங்க குளிருக்குப் பயந்துதான் வீட்டுக்குள்ள வருமாம். நெட்ல போட்டிருக்கு." அன்றைக்கு வெளியே 28 டிகிரி. சிங்கப்பூரில் எந்தக் குளிர்?

இந்தப் பூச்சியைப் பற்றி நம் வீடுகளில் பேசப்படுவது இந்த இரண்டு விளக்கங்கள்தான். ஒன்று அழுக்கு, இன்னொன்று குளிர். அழுக்கு எந்த ஊரிலும் காரணம் கிடையாது. குளிர் வேறு ஊர்களில் உண்மையான காரணம், இங்கே கிடையாது. அப்படியென்றால் ஒன்பதாவது மாடியில் இருக்கும் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குள் அது எதற்காக வந்தது? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில், இது என்ன பூச்சி?

மேலிருந்து பார்த்தால் போர்வீரனின் கேடயம் போல இருக்கும். தோள் அகலம், வால் பக்கம் குறுகல், நடு முதுகில் ஒரு முக்கோணம். பலர் இதை வண்டு என்றுதான் நினைக்கிறார்கள். வண்டுக்குக் கடித்து மெல்லும் வாய் உண்டு. இதற்கு வாயே ஒரு குழல். இளநீரில் ஸ்ட்ரா போட்டுக் குடிப்பது போல, தண்டிலும் காயிலும் அந்தக் குழலைக் குத்திச் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும். குடிக்காத நேரத்தில் குழலை மடக்கி வயிற்றுப் பக்கமாக வைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குவளைக்குள் பிடித்து அடியிலிருந்து பார்த்தால் கால்களுக்கு நடுவே ஒரு கோடு போல அது தெரியும்.

இப்படிக் குழல்வாய் கொண்ட பூச்சிகளைத் தமிழ்நாட்டு வேளாண் துறையினர் நாவாய்ப்பூச்சி என்பார்கள். நெல் விளையும் ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் கதிர்நாவாய்ப் பூச்சி நன்றாகத் தெரிந்திருக்கும். பால் பிடிக்கும் நேரத்தில் கதிரை உறிஞ்சிப் பதராக்கிவிடும். வயலில் இறங்கினாலே வாடை வீசும். மலாய் விவசாயிகள் அதைப் பியாங்காங் என்கிறார்கள். நம் வீட்டுக்கு வரும் கேடய வடிவப் பூச்சி அதற்குப் பங்காளி முறை.

மூட்டைப்பூச்சியும் இந்தப் பெரிய வகையறாவைச் சேர்ந்ததுதான். அந்த உறவினால்தான் குழப்பமே வருகிறது. இரண்டுக்கும் குழல்வாய் உண்டு, இரண்டுக்கும் வாடை உண்டு. ஆனால் மூட்டைப்பூச்சி மனித ரத்தம் குடிக்கும், மெத்தை இடுக்கில் குடியிருக்கும், அங்கேயே குஞ்சு பொரிக்கும். நாற்றப் பூச்சி செடியின் சாற்றைத் தவிர வேறெதையும் தேடி அலைவதில்லை. (இந்தக் குடும்பத்தில் மற்றப் பூச்சிகளை வேட்டையாடும் சில இனங்களும் உண்டு. வீட்டுக்குள் வருபவை பெரும்பாலும் சாறு குடிப்பவை.)

வெப்பநாடுகள் முழுக்கப் பரவியிருப்பது பச்சை நாவாய்ப்பூச்சி. பயற்றங்காய், தக்காளி, வெண்டை என்று எதையும் விடாது. எலுமிச்சை, ஆரஞ்சுச் செடிகளில் தோள்பட்டை இரண்டும் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு பச்சைப் பூச்சியைத் தென்கிழக்காசியாவில் பார்க்கலாம்.

சுருக்கமாக: இது செடிச்சாறு குடிக்கும் பூச்சி. உங்கள் வீட்டு அரிசி, சர்க்கரை, மீந்த சோறு, குப்பைத்தொட்டி எதுவும் இதற்கு உணவாகாது. கரப்பான் வந்தால் அடுப்படியைச் சந்தேகப்படலாம். இது வந்ததற்கு அடுப்படியைக் குறை சொல்ல முடியாது.

குளிர் கதை எங்கிருந்து வந்தது?

இணையத்தில் இந்தப் பூச்சியைப் பற்றித் தேடினால் வருவதில் பெரும்பாலானவை ஒரே ஓர் இனத்தைப் பற்றியவை. பழுப்புப் பளிங்கு நாற்றப் பூச்சி என்று அதைச் சொல்லலாம். முதுகில் பளிங்குக் கல்லின் கோடுகள் போலப் பழுப்பும் சாம்பலும் கலந்திருக்கும். அதன் தாய்நாடு சீனா, ஜப்பான், கொரியா, தைவான். 1990-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆலன்டவுன் நகரில் அது முதலில் தென்பட்டது. சரக்கோடு சரக்காக வந்து இறங்கியிருக்க வேண்டும். பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. 2010-ல் அமெரிக்கக் கிழக்குக் கரையின் நடுப்பகுதியில் ஆப்பிள் விவசாயிகளுக்கு மட்டும் 3.7 கோடி டாலர் நட்டம்.

இந்த இனம் இலையுதிர் காலத்தில் வீடுகளுக்குள் படையெடுக்கும். மேரிலாந்து மாநிலத்தில் ஓர் உயிரியலாளர் தன் சொந்த வீட்டுக்குள் கிடைத்த பூச்சிகளை 2011 ஜனவரியிலிருந்து ஆறு மாதம் எண்ணினார். வந்த எண்ணிக்கை 26,205. ஒரே வீட்டில்!

ஏன் அப்படி வருகின்றன? பெருமழை பிடித்துக்கொண்டால் வழிப்போக்கர்கள் மண்டபத்தில் ஒதுங்குகிறார்கள் அல்லவா? அதே கதைதான். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் இலையும் இருக்காது, காயும் இருக்காது. அந்த மாதங்களைச் சாப்பாடு இல்லாமல் கடத்துவதற்குப் பூச்சியின் உடல் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. முட்டை வளர்ச்சி நின்றுவிடும், உணவு தேடாது, சேமித்த கொழுப்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும். இதற்கு உறக்கநிலை என்று பெயர். காட்டில் அது பட்ட மரத்தின் பட்டைக்கு அடியிலோ பாறை வெடிப்பிலோ உலர்ந்த, இருட்டான, இறுக்கமான இடம் பார்த்து உள்ளே போகும். மனிதர் கட்டிய வீட்டின் கூரை இடுக்கும் சன்னல் சட்டத்தின் ஓட்டையும் பூச்சியின் கணக்கில் பாறை வெடிப்புதான்.

குளிர் வரப்போகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? குளிர் உறைக்கும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அதனால் பூச்சியின் உடல் முக்கியமாகப் பகலின் நீளத்தைக் கவனிக்கிறது. டோக்கியோவில் ஜூன் மாதப் பகல் பதினான்கரை மணி நேரம், டிசம்பரில் பத்து மணிக்கும் குறைவு. கிட்டத்தட்ட 5 மணி நேர வித்தியாசம். பகல் குறையக் குறைய, "ஒதுங்கும் காலம் வந்துவிட்டது" என்ற செய்தி அதன் உடலுக்குள் போய்விடுகிறது.

இப்போது சிங்கப்பூருக்கு வாருங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றே கால் டிகிரி வடக்கே இருக்கிறோம். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் 9 நிமிடம். டோக்கியோவின் 5 மணி நேரம் எங்கே, இந்த 9 நிமிடம் எங்கே! கறிவேப்பிலை டிசம்பரிலும் தழைக்கிறது. ஒதுங்கச் சொல்லும் செய்தியும் இல்லை, ஒதுங்க வேண்டிய தேவையும் இல்லை.

சுருக்கமாக: குளிருக்கு ஒதுங்குவது குளிர்நாட்டு இனத்தின் பழக்கம். உண்மைதான், ஆனால் அந்த ஊர்களுக்கு மட்டும் உண்மை. அங்கே ஆயிரக்கணக்கில் வரும். நம் வீட்டில் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் நாலைந்து. எண்ணிக்கையே வேறு காரணத்தைக் காட்டுகிறது.

சரி, இங்கே ஏன் வருகிறது?

அடுக்குமாடியில் வசிப்பவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். யோசனையில் லிஃப்டிலிருந்து ஒரு மாடி முன்னதாகவே இறங்கிவிடுவோம். அதே தாழ்வாரம், அதே கதவு. சாவியைப் போட்ட பிறகுதான் இது நம் வீடு இல்லை என்று உறைக்கும். அந்த வீட்டில் நமக்கு எந்த வேலையும் இல்லை, வழி தவறி நின்றோம், அவ்வளவுதான். நம் ஊர் நாற்றப் பூச்சி வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அப்படித்தான்.

வேறு எங்கோ போகக் கிளம்பியதுதான் அது. செடியில் பிஞ்சும் காயும் இருக்கும்வரை பூச்சி அங்கேயே இருக்கும். காய் முற்றிவிட்டாலோ பறித்துவிட்டாலோ அடுத்த செடியைத் தேடிப் பறக்கும். இணை தேடியும் பறக்கும். நம் தீவில் அதற்குச் செடிக்குப் பஞ்சமில்லை. 10 லட்சம் மரங்கள் நடும் திட்டம் 2020-ல் தொடங்கியது. அக்கம்பக்கத்தில் எல்லாம் சமூகத் தோட்டங்கள். சீனப் புத்தாண்டுக்கு வீட்டு வாசலில் வைக்கப்படும் குட்டி ஆரஞ்சுச் செடிகள் பண்டிகை முடிந்த பிறகும் தாழ்வாரத்தில் நிற்கின்றன. நம் தமிழ் வீடுகளில் கறிவேப்பிலை, துளசி, எலுமிச்சை, பச்சைமிளகாய் இல்லாத வாசலைப் பார்ப்பது அரிது. எங்கள் புளோக்கில் மூன்றாவது வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) பயற்றங்காய்க் கொடியைக் கம்பியில் ஏற்றிவிட்டிருக்கிறார். பூச்சிக்கு அது வழிநெடுகச் சாப்பாட்டுக் கடை. நன்றாகப் பறக்கக்கூடிய பூச்சி இது, ஒன்பதாவது மாடி பெரிய உயரமில்லை.

எனக்கு இந்தப் பசுமை பிடிக்கும். அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாம் செடிகளுக்கு நடுவே வாழ்கிறோம், செடியோடு சேர்ந்த உயிர்களும் பக்கத்தில்தான் இருக்கும்.

பறக்கிற பூச்சியை நம் சமையலறைக்குத் திருப்புவது விளக்கு.

விளக்கில் விழும் விட்டிலைப் பற்றித் தமிழில் எத்தனையோ சொல்லியிருக்கிறோம். ஆசையால் விழுகிறது, ஒளியில் மயங்கி விழுகிறது என்றெல்லாம். உண்மையில் நடப்பது அதைவிடப் பரிதாபமானது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிடுவார். நூல் காட்டும் திசையை வைத்துச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். பறக்கும் பூச்சிக்கும் எது மேல், எது கீழ் என்று ஒவ்வொரு கணமும் தெரிந்தாக வேண்டும். அது அவ்வளவு சிறிய உடம்பு, காற்றில் புரள்கிறது. புவியீர்ப்பை மட்டும் வைத்துத் திசை அறிவது அதற்குச் சிரமம். அதனால் வெளிச்சத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக, இரவிலும்கூட, தரையைவிட வானம்தான் வெளிச்சம். ஆகவே "வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டு, நேராகப் பறப்பாய்" என்பது அதன் உடலில் ஊறிய விதி. இதற்கு முதுகொளி எதிர்வினை என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

வானம் ஒன்றே வெளிச்சமாக இருந்தவரை விதி பிழைக்கவில்லை. இப்போது பக்கவாட்டில் ஒரு டியூப்லைட் எரிகிறது. பூச்சி அதற்கு முதுகைக் காட்டச் சாய்கிறது. சாய்ந்ததும் பாதை வளைகிறது. வளைந்ததும் மறுபடி விளக்குக்கு முதுகைக் காட்ட வேண்டியிருக்கிறது, மறுபடி வளைகிறது. விளக்கைச் சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான். விளக்கு கீழே இருந்தால் தலைகீழாகப் புரண்டு தரையில் விழும். தூக்குக்குண்டை யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் கொத்தனார் என்ன செய்வார்? அதே நிலை. அதிவேகக் கேமராக்களால் விட்டில்கள், தட்டான்கள் முதலிய பூச்சிகளைப் படம்பிடித்து, லண்டன் இம்பீரியல் கல்லூரி, புளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகம் முதலியவற்றின் ஆய்வாளர்கள் 2024-ல் இந்த விளக்கத்தை வெளியிட்டார்கள். விளக்கின் அருகே வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை அது சொல்கிறது. தொலைவிலிருந்து பூச்சிகள் எப்படி வந்து சேர்கின்றன என்பது தனிக் கேள்வி.

நாவாய்ப்பூச்சி வகையறாவுக்கு விளக்கோடு உள்ள தொடர்பு நம் வட்டாரத்து நெல் விவசாயிகளுக்குப் புதிதல்ல. மலேசியாவிலும் பிலிப்பீன்சிலும் நெல்லைத் தாக்கும் கருநாவாய்ப்பூச்சி பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் கூட்டம் கூட்டமாக விளக்குகளுக்கு வரும். அதற்காகவே விளக்குப் பொறி வைப்பார்கள்.

எல்லா விளக்கும் ஒரே அளவுக்கு இழுப்பதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் நீல ஒளியும் பூச்சியின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். மஞ்சள், சிவப்புப் பக்கம் போகப் போக மங்கும். சமையலறையில் நாம் போடும் வெள்ளை வெளேர் விளக்கு அதற்குப் பெரிய வெளிச்சம். மாலை ஏழரைக்கு மேல் இருட்டு கவியும் நேரத்தில், அதே வெள்ளை விளக்கின் கீழ், தாளிப்புப் புகை போகட்டும் என்று சன்னலையும் திறந்து வைக்கிறோம். பெரும்பாலான வீடுகளில் சன்னலுக்கு வலை கிடையாது.

உள்ளே வந்துவிட்டால் வெளியே போகத் தெரியாது. பகலில் சன்னல் கண்ணாடியை நோக்கிப் போகும். அங்கேதான் வெளிச்சம். கண்ணாடி என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. முட்டி முட்டிச் சோர்ந்து திரைச்சீலை மடிப்பில் ஒண்டிக்கொள்ளும். நாம் திரையை இழுக்கும்போது கையில் பட்டு, அங்கே ஒளிந்திருந்து நம்மைத் தாக்கியது என்ற பெயரையும் வாங்கிக்கொள்ளும். குடிக்கச் சாறு இல்லாத வீட்டுக்குள் அதனால் நெடுநாள் உயிர்வாழ முடியாது, பெருகவும் முடியாது.

சுருக்கமாக: உணவோ இணையோ தேடிக் கிளம்புகிறது, விளக்கு அதன் திசைக் கணக்கைக் குழப்புகிறது, திறந்த சன்னல் வழியே உள்ளே வந்து மாட்டிக்கொள்கிறது. நம் வீட்டுக்கு வருவது அதன் திட்டத்திலேயே இல்லை.

அந்த வாடை: கொத்தமல்லிக்கும் இதற்கும் உள்ள சொந்தம்

அம்மா அடித்த அடியில் கிளம்பிய வாடையை இன்னொரு முறை நினைத்துப் பார்த்தேன். எங்கேயோ தெரிந்த வாடை. இரண்டு நாள் கழித்து, தேக்கா ஈரச்சந்தையில் வாங்கி வந்த கொத்தமல்லிக் கட்டை ஆயும்போது பிடிபட்டது. தண்டை நசுக்கினேன். அதே பச்சை வாடை, கொஞ்சம் மென்மையாக.

இது பிரமை இல்லை. நாற்றப் பூச்சியின் திரவத்தில் ஆல்டிஹைடு எனப்படும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. சீக்கிரம் ஆவியாகி மூக்கில் ஏறும் ஒரு வகைப் பொருள்கள் என்று புரிந்துகொண்டால் போதும். அவற்றில் ஒன்றின் பெயர் டெசினால். பச்சைக் கொத்தமல்லியின் மணத்திலும் அதே டெசினால் உண்டு. கிரேக்க மொழியில் கோரிஸ் என்றால் மூட்டைப்பூச்சி. கொத்தமல்லியின் ஐரோப்பியப் பெயரே அந்தச் சொல்லிலிருந்து பிறந்தது என்பார்கள். சிலருக்குக் கொத்தமல்லி சோப்பு போல மணப்பதற்கும் இந்த ஆல்டிஹைடுகள்தான் காரணம். வாசனையை உணரும் மரபணு ஒன்று அவர்களுக்குச் சற்று வேறாக அமைந்திருக்கிறது. ரசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் அந்தப் பச்சை வாடை அடங்கிவிடுவதும் இதனால்தான். ஆவியாகிப் போய்விடுகிறது.

பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். பூ நாறும் என்று சொன்ன காலம் உண்டு. பிறகு அந்தச் சொல் கெட்ட வாடைக்குத் திரும்பிவிட்டது. ஒரே பொருள் ரசத்தில் மணமாகவும் பூச்சியில் நாற்றமாகவும் இருப்பதைப் பார்க்கும்போது, இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய அந்தப் பழைய வழக்கின் மேல் எனக்கு ஒரு மரியாதை வருகிறது.

பூச்சிக்கு அந்தத் திரவம் எதற்கு? பல்லி, பறவை, எறும்பு வாயில் போட்டதைத் துப்ப வைப்பதற்கு. வளர்ந்த பூச்சியின் அடிப்பக்கம், நடுக்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே இரண்டு சிறு துளைகள் உண்டு. உள்ளே இருக்கும் வாசனைச் சுரப்பி அந்த வழியாகத் திரவத்தை வெளியே விடும். குஞ்சுகளுக்கு அது முதுகில் இருக்கும். குஞ்சுக்கு இறக்கை இல்லை, முதுகு திறந்தே கிடக்கிறது. பெரிதானதும் இறக்கை வந்து முதுகை மூடிவிடுகிறது. துளை முதுகிலேயே இருந்தால் திரவம் இறக்கைக்கு அடியில் அல்லவா தேங்கும்? அதனால் வளர்ந்தவற்றுக்குச் சுரப்பி அடிப்பக்கம் இருப்பது எத்தனை பொருத்தம்! இதைப் படித்த அன்று நெடுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது வேண்டியபோதுதான் அந்தத் திரவத்தை விடும். பயமுறுத்தினால், நசுக்கினால் விடும். தானாக ஊர்ந்து கையில் ஏறினால் பெரும்பாலும் விடாது. "ஒன்றை நசுக்கினால் வாடைக்குப் பத்து வரும்" என்று ஒரு பேச்சும் இருக்கிறது. ஆபத்து நேரத்து வாடை மற்றப் பூச்சிகளுக்குச் சொல்லும் செய்தி "ஓடிவிடு" என்பதுதான். கூட்டம் சேர்ப்பதற்கு ஆண் பூச்சி விடும் வாசனை வேறு.

பயப்பட வேண்டுமா?

வேண்டாம். இதற்குக் கொட்டும் முள் இல்லை. டெங்கிக் கொசு போல நோய் எதையும் பரப்புவதில்லை. திரவம் கண்ணில் பட்டால் எரியும், சிலருக்குத் தோலில் அரிக்கும், தண்ணீரில் கழுவினால் போதும். பூனையும் நாயும் கடித்துவிட்டு எச்சில் ஒழுக நிற்கலாம், சற்று நேரத்தில் சரியாகிவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை. மெலிந்த தலையும், வளைந்து தடித்த குட்டையான அலகு போன்ற குழலும் உள்ள பூச்சியைக் கண்டால் கையால் தொடாதீர்கள். அது வேட்டையாடும் வேறு வகை, குத்தினால் வலிக்கும்.

மெத்தை ஓரத்தில் சிறிய, தட்டையான, பழுப்பு நிறப் பூச்சிகளும் கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சி. அதற்குச் செய்ய வேண்டியது முற்றிலும் வேறு, தாமதிக்கவும் கூடாது.

வராமல் இருக்க என்ன செய்யலாம்?

காரணம் புரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும். இருட்டு கவியும் அந்த ஒரு மணி நேரம்தான் முக்கியம். விளக்கைப் போடும் முன் அந்த அறையின் சன்னலைச் சாத்துங்கள், அல்லது சன்னல் பக்கத்து விளக்கை அணைத்து உள்பக்க விளக்கில் வேலை பாருங்கள். சமையலறைச் சன்னலுக்கும் வாசல் விளக்குக்கும் வெதுவெதுப்பான மஞ்சள் எல்இடி போட்டால் வருகை குறையும். வலை அடிக்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை, கொசுவுக்கும் சேர்த்து ஆயிற்று.

அப்புறம் செடிகள். வீட்டுக்குள் இறக்கை இல்லாத குட்டிகளைப் பார்த்தால், அவை பறந்து வந்திருக்க முடியாது. உங்கள் தொட்டியிலோ பக்கத்து வீட்டுத் தொட்டியிலோதான் பிறந்திருக்கின்றன. இலையைத் திருப்பிப் பாருங்கள். நாவாய்ப்பூச்சி இலையின் அடியில் முட்டைகளை நெருக்கமாக, தேன்கூட்டு அறைகள் போல வரிசை பிடித்து ஒட்டிவைக்கும். ஒவ்வொன்றும் மூடி போட்ட சின்னப் பீப்பாய். பச்சை இனத்தின் முட்டை முதலில் வெளிர்மஞ்சள், பொரிக்கும் சமயத்தில் இளஞ்சிவப்பு. புதிதாகப் பொரிந்த குட்டிகள் ஒரு சில நாள் அந்த ஓடுகளின் மேலேயே குவிந்து உட்கார்ந்திருக்கும். அந்த இலையைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் வேலை முடிந்தது. இவை ஐந்து முறை தோலுரித்துத்தான் இறக்கை பெறும் என்பதால் வாரம் ஒரு முறை பார்த்தாலே போதும்.

மருந்து அடிப்பதை நான் சொல்லமாட்டேன். கறிவேப்பிலையை நாம் சாப்பிடுகிறோம். அதோடு, இந்தப் பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இடும் கடுகளவுகூட இல்லாத குளவிகள் உண்டு. மருந்து முதலில் அவற்றைத்தான் கொல்லும். நம் பூங்காக்களில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பும் இதற்குப் பரம எதிரி. தென்சீனத்தில் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காக்க முசுறுக் கூடுகளை விலை கொடுத்து வாங்கிக் கட்டும் வழக்கம் 4ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று உள்ளே வந்துவிட்டால், அடிக்க வேண்டாம். போன வாரம் எங்கள் வீட்டில் இன்னொன்று வந்தது. அம்மா செய்தித்தாளை எடுக்கவில்லை. கண்ணாடிக் குவளையை அதன் மேல் மெல்லக் கவிழ்த்து, சுவருக்கும் குவளைக்கும் நடுவே பழைய அங்பாவ் உறை (சீனப் புத்தாண்டுப் பணம் வைக்கும் சிவப்பு உறை) ஒன்றைச் செருகினார். வாடையே வரவில்லை. வெளியே கொண்டுபோய் விடும்போது தாழ்வார விளக்குக்கு நேர் கீழே நின்று விட்டுவிட்டார். அது இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி எங்கள் கதவுக்கே வந்தது. நீங்கள் விடும்போது விளக்கைத் தாண்டி, மாடிப்படியின் இருட்டான மூலைக்குப் போய்க் குவளையை வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். உடனே பறக்காது. கண்ணாடியில் ஊர்ந்து விளிம்பு வரை ஏறும், முன்னங்காலால் உணர்கொம்பைத் துடைத்துக்கொள்ளும், பிறகு கீழே மரங்கள் இருக்கும் பக்கமாகக் கிளம்பும்.